ஹப்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர்?

1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் மஸ்தா நிறுவனம் ஒரு சின்னஞ்சிறு திறந்த காரை மேடையேற்றியது. இரண்டே இருக்கைகள், 1.6 லிட்டர் எஞ்சின், பின்சக்கர இயக்கம். ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர், அமெரிக்காவில் மியாட்டா, மற்ற நாடுகளில் எம்எக்ஸ்-5 என்று அதற்குப் பல பெயர்கள். தோஷிஹிகோ ஹிராய் தலைமையிலான குழு ஒவ்வொரு கிலோவையும் கணக்குப் பார்த்து வடிவமைத்த வண்டி அது. ஜப்பானிய அடிப்படை மாடல் 940 கிலோதான் இருந்தது. சக்கரமும் அந்த எடைக்குத் தக்கபடியே அமைந்தது: 14 அங்குல விட்டம், ஐந்தரை அங்குல அகலம், அதன் மேல் 185/60 ஆர்14 டயர்.

வண்டியை வாங்கியவர்களில் பலர் முதலில் மாற்றியது அந்தச் சக்கரத்தைத்தான். இன்றும் உலகில் மிக அதிகமாக மாற்றியமைக்கப்படும் கார்களில் ஒன்று முதல் தலைமுறை எம்எக்ஸ்-5. அதற்கு 15 அங்குல விட்டத்தில் ஏழு, எட்டு, ஒன்பது அங்குல அகலம் வரை ரிம்கள் விற்கின்றன. சக்கரத்தை அகலப்படுத்துவது என்றால் என்ன, அதனால் கிடைப்பது என்ன, இழப்பது என்ன என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது கடினம். வண்டி சிறியது, இடம் குறைவு, அதனால் மில்லிமீட்டர் கணக்கில் செய்யும் தவறுகூட உடனே தெரிந்துவிடும்.

சக்கரத்தை மாற்றும் ஆசை புதிதல்ல. எத்தோரே புகாட்டி 1924இல் லியோன் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்துக்குத் தன் டைப் 35 காரை வார்ப்பு அலுமினியச் சக்கரங்களோடு கொண்டுவந்தார். எட்டுத் தட்டையான ஆரக்கால்கள், பிரேக் டிரம்மும் சக்கரத்தோடு ஒரே வார்ப்பு. இரும்புக்கும் மரத்துக்கும் மாற்றாக இலகுவான உலோகம் வந்த வழி அதுதான். போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் பழைய கார்களை மாற்றியமைத்து ஓட்டிய ஹாட் ராட் இளைஞர்கள் இரும்பு ரிம்மின் வளையத்தைத் திருப்பி வைத்து வெல்டிங் செய்து, சக்கரத்தின் ஆழமான பக்கம் வெளியே தெரியும்படி ஓட்டினார்கள். 1978இல் லம்போர்கினி கவுன்டாக் எல்பி400எஸ் வந்தபோது, அதற்கு முந்தைய மாடலில் 215 மி.மீ. ஆக இருந்த பின் டயர் ஒரேயடியாக 345 மி.மீ. ஆனது. பிரெல்லி பி7 என்ற அந்த டயரை மூடுவதற்காகவே காரின் உடலில் கூடுதல் வளைவுகளை ஒட்ட வேண்டியிருந்தது.

அந்தப் பெரிய டயருக்குப் பின்னால் ஒரு முழுத் தொழிற்சாலையும் அதன் சோதனைத் தடமும் இருந்தன. டயர் கடையில் நான்கு அலாய் வீல்களைப் பார்த்து நிற்பவரிடம் ஓர் அளவுநாடாவும் வீட்டுக் கணக்கும்தான் இருக்கும். அவை போதும், ஆனால் எதை அளப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பிடிப்பு எங்கிருந்து வருகிறது

அகல டயர் போட்டால் அதிக ரப்பர் சாலையில் படும், அதனால் பிடிப்பு கூடும் என்பது பரவலான நம்பிக்கை. முடிவு சரி, காரணம் சரியல்ல.

வண்டியின் எடையில் பெரும்பகுதியைத் தாங்குவது டயருக்குள் இருக்கும் காற்று. ஓட்டுநரோடு சேர்த்து எம்எக்ஸ்-5 ஏறத்தாழ ஆயிரம் கிலோ. ஒரு சக்கரத்துக்கு 250 கிலோ. மஸ்தா சொல்லும் காற்றழுத்தம் 26 பிஎஸ்ஐ. எடையை அழுத்தத்தால் வகுத்தால், ஒரு டயர் சாலையைத் தொடும் பரப்பு சுமார் 137 சதுர சென்டிமீட்டர் என்று வரும். நான்கு டயரையும் சேர்த்தால் ஒரு ஏ4 தாளைவிடச் சற்றுக் குறைவு. டயர் உடலின் விறைப்பால் உண்மையான பரப்பு கொஞ்சம் மாறும் என்றாலும் அடிப்படைக் கணக்கு இதுதான். ஆகவே காற்றழுத்தத்தை மாற்றாமல் 185க்குப் பதில் 225 டயர் போட்டால், தொடுபரப்பின் அளவு பெரிதாகக் கூடுவதில்லை. மாறுவது அதன் வடிவம்: நீண்டு குறுகியிருந்தது, அகன்று குட்டையாகிறது.

இந்த வடிவ மாற்றத்தில்தான் விஷயம் இருக்கிறது. வளைவில் திரும்பும்போது டயர் நோக்கும் திசைக்கும் அது உண்மையில் நகரும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் விழுகிறது. தொடுபரப்பின் முன்முனையில் சாலையைத் தொடும் ரப்பர்த் துண்டு நேராகத்தான் தொடுகிறது. பின்முனையை நோக்கிப் போகப் போகப் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே செல்கிறது. ஓர் எல்லைக்கு மேல் பிடியை விட்டு வழுக்குகிறது. தொடுபரப்பு குட்டையாக இருந்தால், அந்த எல்லையை எட்டும் முன்பே ரப்பர் சாலையை விட்டு மேலெழுந்துவிடும். எனவே அதே கோணத்தில் பரப்பின் பெரும்பகுதி வழுக்காமல் பற்றியிருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி சட்டெனக் கீழ்ப்படிவதாக ஓட்டுநர் உணர்வதற்கு இதுவே முதல் காரணம்.

இரண்டாவது காரணம் ரப்பரின் குணம். உராய்வு சுமைக்கு நேர்விகிதத்தில் கூடும், பரப்பைச் சார்ந்ததல்ல என்று கியோம் அமோந்தோன் 1699இல் சொன்னார். மரத்துக்கும் இரும்புக்கும் அந்த விதி ஓரளவு பொருந்தும், ரப்பருக்குப் பொருந்தாது. ரப்பரின் மீது சுமை இருமடங்கானால் பிடிப்பு இருமடங்காவதில்லை, கொஞ்சம் குறைவாகவே கூடுகிறது. வளைவில் வெளிப்பக்க டயர்கள் இப்படித்தான் கூடுதல் சுமையில் திணறுகின்றன. அகன்ற டயர் அந்தச் சுமையை அகலவாக்கில் இன்னும் சீராகப் பங்கிடுகிறது. வெப்பத்தையும் அதிக ரப்பரில் பரப்புகிறது. அதனால் மென்மையான, அதிகம் பற்றும் ரப்பரைப் பயன்படுத்த முடிகிறது. பந்தயத் தடத்தில் அகலம் வெல்வதற்கு இதுவே பெரிய காரணம்.

இதிலிருந்து ஒரு முடிவு நேராக வருகிறது. மலிவான கடின ரப்பர் கொண்ட 225 டயரைவிட, நல்ல ரப்பர் கொண்ட 195 டயர் அதிகம் பற்றக்கூடும். செலவிட இருக்கும் பணத்தை ரிம்மில் முழுவதும் கரைத்துவிட்டு, மிஞ்சியதில் டயர் வாங்குவது தலைகீழான வரிசை.

முதலில் டயர், பிறகுதான் ரிம்

185/60 ஆர்14 82 என்ற எழுத்துகளில் 185 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம்; 60 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது; 14 என்பது ரிம்மின் விட்டம் அங்குலத்தில். 82 சுமைக் குறியீடு. ஒரு டயர் 475 கிலோ தாங்கும் என்று அதற்குப் பொருள். கணக்குப் போட்டால் இந்த டயரின் முழு விட்டம் 577.6 மி.மீ. வருகிறது.

ரிம்மின் விட்டத்தைக் கூட்டும்போது பக்கச்சுவரைக் குறைத்து, மொத்த விட்டத்தைப் பழைய அளவுக்கு அருகிலேயே வைக்க வேண்டும். 195/50 ஆர்15 டயரின் விட்டம் 576 மி.மீ.; மூலத்தோடு ஏறத்தாழ ஒன்றே. 205/50 ஆர்15 என்றால் 586. சுமார் ஒன்றரை சதவீதம் பெரிது. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி முன்னைவிட ஒன்றரை கிலோமீட்டர் வேகம் கூடுதலாக ஓடிக்கொண்டிருக்கும். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பது ஐ.நா.வின் 39ஆம் வாகன ஒழுங்குவிதி. தயாரிப்பாளர்கள் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படி அமைப்பதால் ஒன்றரை சதவீதம் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். ஐந்து சதவீதம் அடங்காது. சுமைக் குறியீடும் மூல டயரினதைவிடக் குறையக் கூடாது. 205/50 ஆர்15 டயருக்கு அது பெரும்பாலும் 86, அதாவது 530 கிலோ, கவலையில்லை.

அடுத்தது ரிம்மின் அகலம். ஒவ்வொரு டயர் அளவுக்கும் அனுமதிக்கப்பட்ட ரிம் அகலங்கள் உண்டு. தயாரிப்பாளரின் பட்டியலில் அவை அச்சிடப்பட்டிருக்கும். 195/50 டயருக்கு ஐந்தரை முதல் ஏழு அங்குலம். 205/50 டயருக்கு ஐந்தரை முதல் ஏழரை. 225/45 டயருக்கு ஏழு முதல் எட்டரை. ரிம்மை அரை அங்குலம் அகலமாக்கினால் டயரின் பக்கச்சுவர் வெளியே விரிந்து, மொத்த அகலம் ஏறத்தாழ 5 மி.மீ. கூடும்.

எம்எக்ஸ்-5 உலகில் மிகவும் பிரபலமான ஒரு ஜோடி, எட்டு அங்குல ரிம்மில் 205/50 டயர். மேலே உள்ள பட்டியலோடு ஒப்பிட்டால் அது அனுமதிக்கப்பட்ட எல்லைக்கு வெளியே இருப்பது தெரியும். எட்டு அங்குலத்துக்கு உரிய டயர் 225/45. 205தான் வேண்டும் என்றால் ஏழு அங்குல ரிம் போதும். அமெரிக்காவின் ஸ்பெக் மியாட்டா பந்தயப் பிரிவு எல்லோருக்கும் 15 அங்குல விட்டம், ஏழு அங்குல அகலம் என்றே விதித்திருக்கிறது. அதில் 205/50 டயரோடு ஓட்டுபவர்கள் ஆண்டுக்கணக்காக வண்டியை அதன் எல்லை வரை விரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜப்பானில் ஹிப்பாரி என்று அழைக்கப்படும் பாணியில், குறுகிய டயரை அகன்ற ரிம்மில் இழுத்து மாட்டுவார்கள். பக்கச்சுவர் சாய்ந்து நிற்கும், ரிம்மின் உதடு துருத்திக்கொண்டிருக்கும். பார்வைக்கு அதற்கென்று ரசிகர் கூட்டம் உண்டு. ஆனால் டயரின் விளிம்புக் கம்பி ரிம்மின் இருக்கையில் முழுமையாகப் பொருந்தி உட்காருவதுதான் டயரைக் கழலாமல் காக்கிறது. இழுபட்ட நிலையில், காற்று கொஞ்சம் குறைந்து ஒரு கடும் வளைவும் சேர்ந்தால், அது இருக்கையை விட்டு நகரும் ஆபத்து கூடுகிறது. பள்ளத்தில் விழும்போது அடியை முதலில் வாங்குவதும் ரிம்தான்.

ஆஃப்செட் என்னும் மையக் கணக்கு

ரிம்மின் அகலம் தெரிந்துவிட்டது. அந்த அகலத்தை எங்கே வைப்பது? உள்ளே சஸ்பென்ஷன் கரங்களும் ஷாக் அப்சார்பரும்; வெளியே மட்கார்டின் விளிம்பு. இரண்டுக்கும் நடுவே சக்கரம் எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிக்கும் எண் ஆஃப்செட். ரிம்மில் இடி (ET) என்ற இரண்டு எழுத்துகளோடு பொறித்திருக்கும். ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிப்புறமாக இருக்கிறது என்பதே அந்த எண். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும்.

எம்எக்ஸ்-5இன் மூலச் சக்கரம் ஐந்தரை அங்குலம், இடி45. ஐந்தரை அங்குலம் என்பது 139.7 மி.மீ.; அதில் பாதி 69.85. இதில் 45ஐக் கழித்தால் ஹப் முகத்திலிருந்து வெளியே 25 மி.மீ.; 45ஐக் கூட்டினால் உள்ளே 115 மி.மீ. ரிம் உதட்டின் தடிமனைச் சேர்க்காத கணக்கு இது. எந்தப் புதிய ரிம்முக்கும் இதே இரண்டு எண்களைக் கண்டுபிடித்து, பழையவற்றோடு ஒப்பிட்டால் போதும்.

ஏழு அங்குலம், இடி35: வெளியே 54, உள்ளே 124. மூலத்தைவிட வெளியே 29 மி.மீ. துருத்தும், உள்ளே 9 மி.மீ. நெருங்கும். எட்டு அங்குலம், இடி25: வெளியே 77, உள்ளே 127. வெளியே 52 மி.மீ. கூடுதல், உள்ளே 12. அதே எட்டு அங்குலத்தை இடி36இல் வாங்கினால் வெளியே 41 கூடுதல், உள்ளே 23. ஒரே அகலம், ஒரே வடிவம், ஒரே விலை. ஆனால் ஒன்று மட்கார்டை உரசும், மற்றது சஸ்பென்ஷனை நெருங்கும். எட்டு அங்குல ரிம் இந்த வண்டிக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு ஆஃப்செட்டைச் சொல்லாமல் பதிலே இல்லை.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியில் இருக்கும் இடத்தை அளக்க வேண்டும். அதுவும் வண்டி தரையில் நிற்கும் நிலையில் மட்டும் அளந்தால் போதாது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் ஹப்பை அதன் உச்சநிலை வரை உயர்த்திப் பார்க்க வேண்டும். முன்சக்கரத்தை இருபுறமும் முழுவதுமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். சஸ்பென்ஷன் பாகங்களுக்கும் டயருக்கும் இடையே 5 மி.மீ. இடைவெளியாவது விடுவது நல்ல வழக்கம். ஓடும்போது டயர் நெளியும், ரப்பர் புஷ்களும் அசையும். பிரேக் காலிபரில் குழந்தைகளின் களிமண்ணை அப்பி, சக்கரத்தை மாட்டி, ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றினால், நசுங்கிய களிமண்ணின் தடிமனே ஆரக்காலுக்கும் காலிபருக்கும் உள்ள இடைவெளி. அகல ரிம்களில் ஆரக்கால் உட்புறமாகக் குழிந்திருந்தால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

எம்எக்ஸ்-5இன் நான்கு சக்கரங்களிலும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன். சக்கரம் மேலெழும்போது அதன் உச்சி உட்பக்கமாகச் சாயும்படி அதன் கரங்கள் அமைந்திருக்கின்றன. ஒரு டிகிரி சாய்வு, டயரின் உச்சியைச் சுமார் 5 மி.மீ. உள்ளே இழுக்கும். துருத்தும் டயர்கூட மட்கார்டுக்குள் மடங்கிப் போவதன் ரகசியம் இது. அதுவும் போதாதபோது மட்கார்டின் உள்விளிம்பை மடிப்பார்கள்: ஹப்பில் பொருத்தும் உருளைக் கருவியால், சூடான காற்றைப் பாய்ச்சிப் பெயின்ட்டை இளக்கியபடியே, கொஞ்சம் கொஞ்சமாக. சூடாக்காமல் மடித்தால் பெயின்ட் வெடிக்கும். வெடித்த இடத்தில் மழைநீர் நுழைந்து துருப்பிடிக்கும்.

சக்கரம் வெளியே நகர்வதற்கு வேறொரு விலையும் உண்டு. முன்சக்கரம் திரும்பும் அச்சை ஒரு கற்பனைக் கோடாகத் தரை வரை நீட்டினால், அது தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரத்தை வடிவமைப்பாளர்கள் கவனமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இடி45 இடி25 ஆனால் டயரின் நடு 20 மி.மீ. வெளியே போகிறது, அந்தத் தூரமும் 20 மி.மீ. மாறுகிறது. ஒரு சக்கரம் மணலிலும் மற்றது தாரிலும் இருக்கையில் பிரேக் பிடித்தால், ஸ்டியரிங் கையைத் திருகுவது மூலச் சக்கரத்தில் இருந்ததைவிட வலுவாக இருக்கும். சக்கர பேரிங்கின் மேல் விழும் சுமையும் வெளிப்பக்கம் நகர்கிறது. தடித்த ஸ்பேசர் வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளினாலும் இதே விளைவுதான்; கூடவே சக்கரத்தை மாட்டும் ஸ்டட்டின் எஞ்சிய நீளம் நட் முழுவதும் ஏறப் போதுமா என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது.

நான்கு துளை, ஒரு நடுத்துளை

ஸ்டட்கள் அமைந்த வட்டத்தின் விட்டம் பிசிடி. எம்எக்ஸ்-5க்கு 4x100: நான்கு ஸ்டட்கள், 100 மி.மீ. வட்டம். இந்தியாவில் ஓடும் சிறிய கார்களிலும் இது சர்வ சாதாரணம். ஃபியட் கார்களில் 4x98. இரண்டுக்கும் ஒவ்வொரு ஸ்டட்டிலும் ஒரே மில்லிமீட்டர்தான் வித்தியாசம். வலுக்கட்டாயமாக மாட்டிவிடலாம், நட்டும் இறுகியதாகவே தோன்றும். உண்மையில் நட்டின் கூம்பு அதன் குழியில் ஒருபக்கம் மட்டும் உட்கார்ந்து, ஸ்டட்டை வளைத்துக்கொண்டிருக்கும். இதை யாரும் செய்யக் கூடாது.

நடுத்துளையில் நடக்கும் தவறு இதைவிட நுட்பமானது. எம்எக்ஸ்-5இன் ஹப் விட்டம் 54.1 மி.மீ. எல்லாக் கார்களுக்கும் விற்க வேண்டும் என்பதற்காகக் கடை அலாய் வீல்களில் 73.1 மி.மீ. வரை பெரிய துளை போடுகிறார்கள். அந்த வெற்றிடத்தை ஹப் ரிங் என்ற வளையம் நிரப்ப வேண்டும். வளையம் இல்லாமல் மாட்டி, சக்கரம் 0.3 மி.மீ. விலகி உட்கார்ந்தது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் இந்தச் சக்கரம் நொடிக்கு 15 முறைக்கு மேல் சுற்றுகிறது. டயரோடு சேர்த்து 13 கிலோ எடை இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் 36 நியூட்டன் விசை, கிட்டத்தட்ட மூன்றரை கிலோ எடைக்குச் சமமான விசை, ஹப்பை உலுக்குகிறது. பேலன்சிங் இயந்திரத்தில் இது தெரியாது. அங்கே சக்கரம் நடுத்துளையின் மையத்தில் பிடிக்கப்படுகிறது; வண்டியில் நட்டுகள் பிடித்த இடத்தில் நிற்கிறது. மூன்று முறை பேலன்சிங் செய்தும் நடுக்கம் போகவில்லை என்று டயர் கடைக்கு அலைபவர்கள், முதலில் இந்த வளையத்தைப் பார்க்க வேண்டும்.

நட்டிலும் கவனம் தேவை. கடை அலாய்களில் பெரும்பாலும் 60 டிகிரிக் கூம்பு இருக்கை; ஹோண்டாவின் மூலச் சக்கரத்தில் உருண்டை இருக்கை; டொயோட்டாவின் மூல அலாய்களில் பலவற்றுக்குத் தட்டை வாஷர் நட். ஒன்றின் நட்டை மற்றதில் போட்டால் தொடும் இடம் ஒரு கோடு அளவுக்குச் சுருங்கிவிடும். மரையும் ஒன்றல்ல: மஸ்தா, ஹோண்டா, டொயோட்டா கார்களில் 1.5 மி.மீ. இடைவெளி, சுசுகி, நிசான், சுபாரு கார்களில் 1.25. ஸ்டட்டின் தடிமன் பெரும்பாலானவற்றில் 12 மி.மீ. என்பதால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. முதல் இரண்டு சுற்றைக் கையால் திருகினால் தெரிந்துவிடும். கையால் ஏறாத நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் ஏற்றினால் மரை அழியும்.

சக்கரத்தைத் தாங்குவது ஸ்டட்கள் என்று நினைப்பது இயல்பு. ஸ்டட்டின் வேலை இழுத்துப் பிடிப்பது மட்டுமே. 12 மி.மீ. ஸ்டட்டில் நட்டை 100 நியூட்டன்-மீட்டர் முறுக்கினால், அது சக்கரத்தை ஹப்போடு சுமார் நான்கு டன் விசையில் அழுத்துகிறது. நான்கு நட்டுகளும் சேர்ந்து பதினாறு டன். அந்த அழுத்தத்தில் இரண்டு முகங்களுக்கும் இடையே எழும் உராய்வுதான் வண்டியின் எடையையும் பிரேக்கின் விசையையும் கடத்துகிறது. ஆகவே ஹப் முகத்தில் துருவும் மண்ணும் தடித்த பெயின்ட்டும் இருக்கக் கூடாது. ஓட ஓட அவை நசுங்கி, அந்த நான்கு டன் குறைந்துகொண்டே வரும்.

எடையும் முத்திரையும்

1996இல் ஜப்பானின் ரேஸ் நிறுவனம் வோல்க் ரேசிங் டிஇ37 என்ற சக்கரத்தை வெளியிட்டது. 15 அங்குல விட்டம், ஆறு அங்குல அகலத்தில் அதன் எடை 3.7 கிலோ, பெயரில் இருக்கும் 37 அதைத்தான் குறிக்கிறது. வார்ப்படத்தில் ஊற்றாமல், சூடான அலுமினியக் கட்டியைப் பல்லாயிரம் டன் அழுத்தத்தில் நசுக்கி உருவாக்குவதால் உலோகத்தின் துகளமைப்பு நெருங்கி, குறைந்த தடிமனிலேயே வலிமை கிடைக்கிறது. விலை அதற்கேற்ப ஏறும். சாதாரண வார்ப்புச் சக்கரத்துக்கும் இதற்கும் நடுவே, வார்த்த ரிம்மின் வளையத்தை மட்டும் சூடாக்கி உருளைகளால் நீட்டும் ஃப்ளோ ஃபார்மிங் முறை இருக்கிறது. தெருவில் ஓடும் வண்டிக்குப் பலரும் நாடும் நியாயமான வழி அது.

எடை ஏன் முக்கியம்? ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு கிலோவையும் சாலையின் மேடுபள்ளம் நேராகத் தூக்கியெறிகிறது. அது கனமாக இருந்தால் டயர் மீண்டும் சாலையைத் தொடத் தாமதமாகும், தொடாத டயருக்குப் பிடிப்பு இல்லை. மேலும் சக்கரம் முன்னே நகர்வதோடு சுழலவும் வேண்டும். டயரின் வெளிவட்டத்தில் இருக்கும் ஒரு கிலோவை வேகப்படுத்த, இருக்கையில் வைத்த இரண்டு கிலோவுக்கான ஆற்றல் தேவை. எம்எக்ஸ்-5இன் மூல அலாய் சுமார் ஐந்தரை கிலோதான். மலிவான எட்டு அங்குல வார்ப்பு ரிம்மும் பெரிய டயரும் சேர்ந்தால் ஒவ்வொரு மூலையிலும் மூன்று நான்கு கிலோ எளிதில் கூடிவிடும். அந்தச் சிறு எஞ்சினுக்கு அது உணரக்கூடிய பாரம்.

ரிம்மின் உட்புறத்தில் ஜேடபிள்யூஎல் என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜப்பானிய அலாய் சக்கரத் தரம் அது. வளைவில் திரும்பும் விசையைத் திரும்பத் திரும்பக் கொடுக்கும் சோதனை, சுமையோடு உருட்டும் சோதனை, எடையை மேலிருந்து போட்டு இடிக்கும் சோதனை என்று மூன்றைக் கடந்தால்தான் அதைப் பொறிக்கலாம். விஐஏ முத்திரையும் சேர்ந்திருந்தால் தயாரிப்பாளர் அல்லாத ஓர் அமைப்பும் சோதித்துப் பதிவு செய்திருக்கிறது என்று பொருள். முதல் சோதனையில் கொடுக்கும் வளைவிசையைக் கணக்கிடும் சூத்திரத்தில் சக்கரத்தின் சுமை, டயரின் ஆரம், சாலை உராய்வு ஆகியவற்றோடு ஆஃப்செட்டும் இடம்பெறுகிறது. ரிம்மின் வலிமை என்பது அது எந்த வண்டியில், எந்த நிலையில் மாட்டப்படுகிறது என்பதையும் சார்ந்தது. ரிம்மின் பின்புறம் பொறித்த அதிகபட்சச் சுமையைத் தன் வண்டியின் அச்சுச் சுமையில் பாதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அதனால்தான் அவசியம்.

மழையும் பள்ளமும் சட்டமும்

நாசாவின் லாங்லி மையத்தில் வால்டர் ஹார்னும் ராபர்ட் டிரெஹரும் விமான டயர்கள் தேங்கிய நீரில் மிதப்பதை ஆராய்ந்து 1963இல் ஓர் எளிய சூத்திரத்தை வெளியிட்டார்கள். பிஎஸ்ஐ கணக்கில் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால், டயர் நீரில் மிதக்கத் தொடங்கும் வேகம் நாட் அலகில் கிடைக்கும். 26 பிஎஸ்ஐக்கு அது மணிக்கு 85 கி.மீ. அளவில் வருகிறது. சூத்திரத்தில் அகலம் இல்லை. காரணம், விமான டயர்கள் ஏறத்தாழ ஒரே மாதிரி வடிவம் கொண்டவை. ஆனால் கார்களில் அகலம் கூடக் கூட, நடுவில் இருக்கும் நீர் வெளியேற அதிக தூரம் போக வேண்டும். தொடுபரப்பு குட்டையாவதால் அதற்குக் கிடைக்கும் நேரமும் குறைகிறது. வளைவில் நன்மை செய்த அதே வடிவம் தேங்கிய மழைநீரில் எதிராகத் திரும்புகிறது. அகல டயரின் பட்டன் தேய்ந்துவிட்டால் இந்த ஆபத்து பலமடங்கு. வடகிழக்குப் பருவமழையில் ஓட்டுபவர், தேய்மானக் குறியை டயர் எட்டும் வரை காத்திருக்காமல் மாற்றுவதே நல்லது.

பள்ளங்களின் கணக்கும் உண்டு. மூல டயரின் பக்கச்சுவர் 111 மி.மீ.; 205/50 டயரில் 102.5; 17 அங்குல ரிம்மில் 205/40 போட்டால் 82. குறைந்துபோன ஒவ்வொரு மில்லிமீட்டரும், பள்ளத்தின் விளிம்பு ரிம்மை எட்டுவதற்கு முன் டயர் அமுங்கக் கிடைத்த தூரம்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியில் ஒவ்வொரு ரிம்முக்கும் எந்தக் கார், எந்த டயர், என்னென்ன நிபந்தனை என்று எழுதிய சான்றிதழ் இருக்க வேண்டும். அது இல்லாமல் மாட்டினால் வண்டியின் இயக்க அனுமதியே ரத்தாகும். ஜப்பானில் 2017 ஜூனில் விதியைத் தளர்த்தி, சக்கர மையத்துக்கு மேலே முன்புறம் 30 டிகிரி, பின்புறம் 50 டிகிரி வரம்புக்குள் டயரின் புடைப்பு மட்டும் 10 மி.மீ.க்குக் குறைவாகத் துருத்தலாம் என்றார்கள். ரிம்முக்கு அந்தச் சலுகை கிடையாது. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. பணம் கட்டும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்வது, ஆஃப்செட்டைக் கணக்கிடுவதைப் போலவே இந்த வேலையின் ஒரு பகுதி.

மாட்டும் நாள்

ஹப் முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துடைக்க வேண்டும். ஹப் ரிங்கை ரிம்மில் பொருத்தி, சக்கரத்தைத் தூக்கி வைத்து, எல்லா நட்டையும் கையால் திருக வேண்டும். சக்கரம் தரையைத் தொடும் முன்பே நட்டுகளை எதிரெதிர் வரிசையில் லேசாக இறுக்கினால் அது நடுவில் வந்து உட்காரும். பிறகு வண்டியை இறக்கி, டார்க் ரெஞ்சால் இறுதி முறுக்கு. எம்எக்ஸ்-5க்கு மஸ்தா சொல்வது 88 முதல் 118 நியூட்டன்-மீட்டர். வீல் அலைன்மென்ட் அதற்குப் பிறகு. முதல் ஓட்டத்தை ஆளேற்றிக்கொண்டு மெதுவாகச் செய்து, வேகத்தடையிலும் முழுத் திருப்பத்திலும் உரசும் சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும். மட்கார்டின் உட்புறத்தையும் டயரின் தோளையும் விரலால் தடவினால் உரசிய தடம் கிடைத்துவிடும். நூறு கிலோமீட்டருக்குள் நட்டுகளை மீண்டும் ஒருமுறை அதே முறுக்கில் சரிபார்க்க வேண்டும்.

இத்தனை கணக்கையும் போட்டுப் பார்த்தால், தெருவில் ஓடும் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5க்கு ஏழு அங்குலம், இடி35, 195/50 அல்லது 205/50 ஆர்15 என்ற ஜோடி எல்லா எல்லைகளுக்கும் உள்ளே நிற்கிறது. எட்டு அங்குலமும் 225/45 டயரும் தடத்தில் ஓட்டுபவருக்கு உரியவை. மட்கார்டை மடிக்கவும், சாய்வைக் கூட்டவும், டயரை அடிக்கடி மாற்றவும் அவர் தயாராக இருக்க வேண்டும்.

மஸ்தாவும் இதே கணக்கைத் திரும்பப் போட்டது. 2005இல் வந்த மூன்றாம் தலைமுறை எம்எக்ஸ்-5 பெரிதாகி, ஐந்து ஸ்டட்களுக்கும் 205 மி.மீ. டயருக்கும் போயிருந்தது. 2015இல் விற்பனைக்கு வந்த நான்காம் தலைமுறையில் எடையைக் குறைப்பதற்காக ஒரு ஸ்டட்டைக் கழற்றி, பழைய 4x100 அமைப்புக்கே திரும்பினார்கள். 1.5 லிட்டர் ஜப்பானிய அடிப்படை மாடல் 990 கிலோ. அதன் சக்கரம் 16 அங்குலம், அகலம் ஆறரை அங்குலம், இடி45, டயர் 195/50. இருபத்தாறு ஆண்டுகளில் டயரின் அகலம் பத்து மில்லிமீட்டர் மட்டுமே கூடியிருந்தது.